விலாசம் இல்லாத ஒன்றரை வருடம்

ஜனவரி 8, வியாழன்

நகரக் கவுன்சிலின் லைசன்ஸ் பகுதியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. மார்ச் கடைசியோடு வாடகைக் கார் ஓட்டும் என் ரக்சி லைசன்ஸ் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். வழமையான காரியம்தான். டொக்டரிடம் மெடிக்கல், இந்த நாட்டுப் பொலிஸ் பதிவுச் சோதனை, புதுப் படம், கட்டணம். இந்தமுறை ஒன்று கூட்டியிருக்கிறார்கள். வேறு நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்த சாரதிகள் எல்லோரும் அந்த நாட்டுப் பொலிசிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் எடுத்துவந்து காட்ட வேண்டுமாம். நான் முதன்முதல் லைசன்ஸ் எடுத்தபோது இதை யாரும் கேட்கவில்லை. இப்போது வருடக்கணக்காக ஓடுகிறவர்களும் காட்டத்தான் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் ரக்சி ஓட்டும் பேட்ஜ் இல்லை. பேட்ஜ் இல்லையென்றால் ஓட முடியாது.

காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி. சுரண்டி முடிக்க நேரமாகிவிட்டது. மிஸ்டர் லோவல் கோட்டுப் போட்டபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் அவரை டயலிசிஸுக்குக் கொண்டுபோய் விடுவது நான்தான். பேட்ஜில் தவபாலன் என்று முழுப் பெயரும் இருக்கிறது. அவருக்கு நான் டேவ்.

சாப்பிடும்போது மனைவி யோகமலரிடம் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். சின்ன விஷயம், எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கார் கழுவினேன். பிரிண்டரில் மை இல்லை. ஆகையால் விண்ணப்பப் படிவத்தை இன்னும் எடுக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். யோகமலருக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை. அதனால் விடிய முன்னமே எழும்பிப் பொங்கிவிட்டாள். மகள் நிதர்சனா தூக்கக் கலக்கத்தோடு வந்து பானையைப் படம் எடுத்து யாருக்கெல்லாமோ அனுப்பினாள்.

ஊருக்குப் போன் எடுத்தேன். கரவெட்டியில் எங்கள் வீட்டில் இப்போது தங்கை பவளம்தான் குடும்பத்தோடு இருக்கிறாள். மூத்த மகனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறதாம். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. "இஞ்சை இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை. ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்," என்றாள். பார்ப்போம் என்றேன். ஒவ்வொரு வருடமும் அவள் கேட்கிறாள், நானும் பார்ப்போம் என்கிறேன்.

யோகமும் மகளும் இரண்டு தரம் போய்வந்துவிட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் கிடைக்கவில்லை. ரக்சி ஓடுகிறவனுக்கு ஆர் லீவு தாறது என்று யோகம் அப்போது ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

சான்றிதழ் பற்றிப் பவளத்திடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பம் போனால் ஊரிலிருக்கும் விலாசத்துக்குப் பொலிஸ் வந்து விசாரிக்கும் என்று ஆட்கள் கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

மெடிக்கல். கண் நல்லது, இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. டொக்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். இடது கை தோளுக்கு மேலே போகாது. ஸ்டியரிங் பிடிக்க அது தடையில்லை என்று எழுதிவிட்டார். எப்படி நடந்தது என்று கேட்டார். மோட்டார் சைக்கிள் என்றேன். போனமுறை வந்தபோது மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்களே என்று கொம்பியூட்டரைப் பார்த்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் கார்களை விட்டுக் காத்திருக்கும் இடத்தில் ஹசீப்பைக் கண்டேன். ஆப்கானிஸ்தான்காரன், என் வயதில் பாதி, எந்தச் சண்டைக்கும் போகாதவன். லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமான் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போகப்போகிறானாம். என்னை நல்லவன் என்று எழுதித்தர அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், இருக்கிறவர்களிடம் நான் எப்படிப் போய் நிற்பேன் என்று கேட்டான். என் தேத்தண்ணியில் பாதியை அவனுடைய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன்.

மற்றச் சாரதிகள் கவுன்சிலைத் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படியெல்லாம் சட்டம் போடுகிறார்கள் என்றான் ஒருவன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு சாரதி தன் காரில் ஏறிய பெண்பிள்ளையிடம் கெட்டவிதமாக நடந்து சிறைக்குப் போனான். வேறொரு நாட்டில் முன்பே அப்படிச் செய்தவன் என்று பிறகுதான் தெரியவந்தது. நிதர்சனா சினேகிதி வீட்டிலிருந்து ரக்சியில்தான் வருகிறாள். அவள் ஏறும் காரை ஓட்டுகிறவன் ஆர், எவர் என்று யாராவது பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைப்பேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு

யோகமலரே கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள் இழுத்தடிச்சுக்கொண்டு இருப்பீங்கள். நான் நிரப்புறன், நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போயிற்று. பிறகு, நாட்டைவிட்டு வெளிக்கிடும்வரை எங்கெங்கே வசித்தீர்கள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்தப் பொலிஸ் பிரிவு என்று கேட்டிருந்தது. கரவெட்டி வீடு எழுதினாள். அதற்குப் பிறகு வெளிக்கிடும்வரை ஒன்றரை வருடம் மிஞ்சியது.

"அது கொழும்பில லொட்ஜில நிண்ட காலம்தானே? லொட்ஜின்ர பேர் என்ன?"

மறந்துவிட்டது என்றேன்.

தெரு?

அதுவும் மறந்துவிட்டது என்றேன்.

யோகமலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த ரவுணில ஆர் வீட்டு வாசல்ல என்ன நிறக் கதவு எண்டு சொல்லுற ஆள் நீங்கள்," என்றாள்.

ஒரு ஓட்டம் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ஓட்டம் ஒன்றும் வந்திருக்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கமாகக் காரை நிறுத்திவிட்டு இருந்தேன்.

பெப்ரவரி 2, திங்கள்

யோகம் கதைக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு.

பெப்ரவரி 9, திங்கள்

கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். லைசன்ஸ் பகுதியில் மிசிஸ் மார்ஷ் என்ற அதிகாரி. நரைத்த தலை, மெதுவான பேச்சு. சான்றிதழ் எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கஷ்டம் என்றேன். நீங்கள் அகதியாக வந்தவரா என்று கேட்டார். ஆம் என்றேன்.

அப்படியானவர்களுக்கு விலக்குக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறதாம். ஆனால் தானாகக் கிடைக்காது. மூன்று கவுன்சிலர்கள் இருக்கும் துணைக்குழுவின் முன்னால் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் தருவார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். திகதி மார்ச் பதினேழு.

"அவர்களுக்கு எல்லாம் சொல்லவேண்டி வருமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். உள்துறை அமைச்சுக்கு நீங்கள் சொன்னது எதுவோ அதைச் சொன்னால் போதும் என்றார்.

அங்கேதான் இருக்கிறது சிக்கல். இங்கே வந்து இறங்கிய காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு அகதிக் கேஸ் இருந்தது. ஆளை ஆள் கண்டால் உன்ர கேஸ் என்ன என்று கேட்போம். கல்யாணம் பேசி வந்தபோது யோகமலரும் கேட்டாள். லோயர் எழுதின கதை, அதை விடும் என்று சிரித்தபடி சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் அது லோயர் எழுதின கதை. அவளுக்கு நான் கொழும்பில் லொட்ஜில் நின்று வெளிநாட்டுக்கு வழி பார்த்த ஆள்.

பெப்ரவரி 14, சனி

காதலர் தினம் என்று ஓயாத ஓட்டம். பூங்கொத்தோடு ஏறிய ஒரு பொடியன் குடித்தது தாங்காமல் பின் இருக்கையில் சத்தி எடுத்துவிட்டான். அதே பூங்கொத்தை எனக்கு மன்னிப்பாகத் தந்துவிட்டு இறங்கிப் போனான். யோகத்திடம் கொடுத்தேன். வாங்கிச் சாடியில் வைத்தாள். இன்னும் அதிகம் கதைக்கவில்லை.

ரக்சிக் கொம்பனி மனேஜர் மெசின் கார்கழுவலுக்கு ரோக்கன் தந்தார். நான் வாளித் தண்ணீரில்தான் கழுவினேன். கை விறைத்துப் போயிற்று. அந்த மெசினுக்குள் நான் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, இருட்டில் நாலு பக்கமும் தண்ணீர் அடிப்பது எனக்குச் சரிவராது.

பெப்ரவரி 21, சனி

யோகமும் நானும் சாமான் வாங்கப் போனோம். திரும்பி வந்து பைகளை அடுக்கிவிட்டுக் காரில் ஏறினோம். நல்ல மழை. நான் ஸ்டார்ட் பண்ணப் போக, கொஞ்சம் பொறுங்கோ என்றாள்.

பவளத்துக்குப் போன் எடுத்து லொட்ஜின் பெயரைக் கேட்கப் போகிறாளாம். ஒரு பெயருக்காக வேலையை இழக்க முடியாது, உங்களுக்கு மறந்தாலும் வீட்டாருக்கு ஞாபகம் இருக்கும் என்றாள். சொல்லிக்கொண்டே கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

"பவளத்திட்டக் கேக்காதையும்," என்றேன். "அது லொட்ஜ் இல்லை."

"எனக்குத் தெரியும்," என்றாள்.

போனைத் தேடிய கை பைக்குள்ளேயே இருந்தது. அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நித்திரையில நீங்கள் சிங்களம் கதைக்கிறனீங்கள். எப்பவும் ஒரே வசனம்தான். மம தன்னே நே மாத்தயா எண்டு. எங்கட கிச்சினில ஒரு சிங்களப் பிள்ளை வேலை செய்தவா. அவவிட்டக் கேட்டன். எனக்குத் தெரியாது ஐயா எண்டு அர்த்தமாம்."

"எப்ப கேட்டனீர்?"

"நிதர்சனா சின்னப்பிள்ளை, நேசறிக்குப் போகேக்கை."

மகளுக்கு இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற வயது.

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்கள் கதை எண்டு சொன்னனீங்கள். சரி, கதையாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அதற்குப் பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. எங்கே பிடித்தார்கள், எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள், தோள் எப்படிப் போனது. தோளைப் பற்றிச் சொன்னபோது, குளிர்காலத்தில் அவள் எண்ணெய் தேய்த்துவிடும் அந்த இடத்தில் கையை வைத்தாள், வைத்தபடி இருந்தாள்.

கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஹீட்டரைப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் முழுக்க உருகிவிட்டது. நிதர்சனா இரண்டு பேரின் கண்ணையும் பார்த்தாள். சண்டையா என்று கேட்டாள். சளி, தடிமன் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பெப்ரவரி 22, ஞாயிறு

துணைக்குழு விஷயத்தைச் சொன்னதும், துணைக்கு ஆர் வருவது என்று யோகமே முடிவெடுத்துவிட்டாள். மார்ச் பதினேழுக்குத் தன் வேலையில் லீவும் கேட்டுவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

மிஸ்டர் லோவல் இந்த மாதக் கடைசிக்குப் பிறகும் நான்தான் வருவேனா என்று கேட்டார். மனேஜர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, உன்னைப் பற்றிக் கவுன்சிலுக்கு நாலு வரியில் ஒரு பந்தி எழுதி அனுப்பியிருக்கிறேன் என்றார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. வழமைபோலக் கதவை இறுக்கி அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

மார்ச் 13, வெள்ளி

நித்திரை சரியில்லை. போகாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். ஹசீப்பின் கிடங்கில் இன்னும் ஆள் எடுக்கிறார்களாம். அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. யோகத்திடம் சொன்னேன். அவள் என் கோட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. போக வேண்டாமென்றால் போக வேண்டாம், ஆனால் பயத்தில் வேண்டாம் என்று சொல்லாதேங்கோ, ரக்சி ஓட விருப்பமில்லை என்றால் மட்டும் சொல்லுங்கோ என்றாள்.

ரக்சி ஓட எனக்கு விருப்பம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும்.

கவுன்சில் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு நீள மேசை. நடுவில் தலைவர் மிசிஸ் ஹாலிடே. ஒரு பக்கம் இளம் கவுன்சிலர் ஒருவர், மறுபக்கம் கவுன்சிலர் ப்ரைஸ் என்று பெரிய உடம்புக்காரர், முன்பு பொலிசில் இருந்தவராம். அதைக் கேட்டதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். மிசிஸ் மார்ஷ் என் பதிவை வாசித்தார். இத்தனை வருடத்தில் முறைப்பாடு ஒன்றுமில்லை. மிஸ்டர் லோவலின் பந்தியையும் வாசித்தார். நான் காரைச் சுத்தமாக வைத்திருப்பதையும், அவர் நோவில் இருக்கும் நாட்களில் பேச்சுக் கொடுக்காமல் ஓட்டுவதையும் எழுதியிருந்தார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள் எல்லாம் காணாமல் போயின. யோகம் பக்கத்தில் இருந்தாள். ஊரிலும் நான் வாடகை வாகனச் சாரதிதான் என்று தொடங்கினேன்.

எனக்கு ஒரு வான் இருந்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி, கொழும்பு விமான நிலையம் என்று ஓட்டம் பிடிப்பேன். ஒருநாள் சீருடை போடாத ஆட்கள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கட்டிடம். அது எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே உங்கள் படிவத்தில் விலாசம் எழுத முடியவில்லை. அங்கே ஒரு ஆளின் படத்தைக் காட்டினார்கள். இவனை உன் வானில் ஏற்றினாய், எங்கே இறக்கினாய், கூட ஆர் வந்தது என்று கேட்டார்கள். அந்த ஆள் என் வானில் ஏறியிருக்கலாம். ஏறுகிறவர்களிடம் நான் பெயர் கேட்பதில்லை. காசைத் தந்தால் இறக்கிவிடுவேன். தெரியாது என்றேன். ஒன்றரை வருடமும் அதே கேள்வி, அதே பதில்.

இவ்வளவு மட்டும்தான் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் அத்தோடு நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். எந்தப் பெயரையும் சொல்லியிருப்பேன், அந்த நிலையில்தான் இருந்தேன், என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இதை உள்துறை அமைச்சிலும் நான் சொல்லவில்லை. காரில் வைத்து யோகத்திடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மேசைக்குக் கீழே அவள் என் கையைப் பிடித்தாள்.

கவுன்சிலர் ப்ரைஸ் கேட்டார். குற்றம் சாட்டினார்களா? இல்லை. நீதிமன்றம்? கொண்டுபோகவில்லை. விடும்போது ஏதாவது கடிதம் தந்தார்களா? ஒருநாள் காலையில் தெருவில் இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போது விண்ணப்பித்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? என் தங்கை வீட்டுக் கதவைத் தட்டி என்னைப் பற்றி விசாரிப்பார்கள். ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஆனால் அந்தத் தட்டுச் சத்தத்தை நான் அவளுக்கு அனுப்ப முடியாது.

அவர் பேனையை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவரது அடுத்த கேள்வி நியாயமானது. நாளைக்கு ஒரு தகப்பன் வந்து, என் மகளை இந்த ஆளின் காரில் எந்த நம்பிக்கையில் ஏற்றினீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

எனக்கும் மகள் இருக்கிறாள், அந்தக் கேள்வியை நானும் கேட்பேன் என்றேன். "இங்கே யாரிடம் வேண்டுமென்றாலும் என்னைப் பற்றி விசாரியுங்கள். என் தெருவில், என் பயணிகளிடம், உங்கள் பொலிசிடம். அவர்களிடம் மட்டும் என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் இரண்டு நாற்காலி. தேத்தண்ணி மெசின் காசை விழுங்கிவிட்டு ஒன்றும் தரவில்லை. யோகம் அதை ஒரு தட்டுத் தட்டினாள். அப்போதும் தரவில்லை. கடைசியாகச் சொன்ன விஷயம் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். "ஆரெண்டாலும் சொல்லித்தான் இருப்பினம்," என்றாள் யோகம். "நானெண்டால் முதல் நாளே சொல்லியிருப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கவுன்சில் நடைபாதையில், அந்த நேரத்தில், உண்மையாகவே சிரித்தேன்.

திரும்பக் கூப்பிட்டார்கள். தலைவர் தாளைப் பார்த்து வாசித்தார். சான்றிதழ் தேவையில்லை. சத்தியக் கூற்று ஒன்றை லோயரின் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். லைசன்ஸ் மூன்று வருடத்துக்கு. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அகதியாக வந்த சாரதிகளுக்கு இந்த வழி இருக்கிறது என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுத வேண்டும் என்று மிசிஸ் மார்ஷிடம் சொன்னார். விலக்குக் கேட்கிறவர்களை அதிகாரி ஒருவர் தனி அறையில் வைத்துக் கேட்டால் போதுமா என்பதையும் குழு யோசிக்குமாம். கவுன்சிலர் ப்ரைஸ் எழுந்து மேசையைச் சுற்றி வந்து எனக்குக் கை தந்தார். வலது கையைத்தான் நீட்டினார், ஆனால் என் இடது தோளைப் பார்த்தார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். வெளியே வந்ததும் பசித்தது. அப்படியொரு பசி எனக்கு எத்தனையோ வருடமாக வந்ததில்லை. மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிக் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். உப்பு அதிகம். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மார்ச் 18, புதன்

வெயில் ஏறும்வரை நித்திரை. கனவு ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் கதைக்கவில்லை என்று யோகம் சொன்னாள்.

மார்ச் 27, வெள்ளி

பேட்ஜ் வந்துவிட்டது. படத்தில் யாரோ கடன்காரனைக் கண்டவன்போல் நிற்கிறேன். மிசிஸ் மார்ஷ் கையில் தந்து வாழ்த்துச் சொன்னார். அங்கிருந்தே ஹசீப்புக்குப் போன் எடுத்து, வேலையிலிருந்து இறங்கியதும் இங்கே வா, இந்த அம்மாவிடம் கதை என்றேன். உனக்குக் கிடைத்தால் எனக்கும் கிடைக்குமா என்றான். கேட்டுப் பார் என்றேன். துணைக்கு ஆள் தேவையென்றால் நான் வருவேன் என்றும் சொன்னேன்.

மிஸ்டர் லோவலுக்குப் பேட்ஜைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தவபாலன்" என்று மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தார். அரைவாசி சரி. பிறகு, டேவ், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நிதர்சனாவுக்குப் போன வாரம் பதினேழு வயது முடிந்தது. பழகுனர் லைசன்ஸ் வந்த அன்றே கார் ஓட்டப் பழக்கச் சொல்லிப் பின்னால் திரிந்தாள். என் காரைக் கொடுக்க முடியாது. ரக்சியாகப் பதிந்த காரை ரக்சி லைசன்ஸ் இல்லாதவர் தொடவே கூடாது, அதுவும் கவுன்சில் சட்டம். யோகத்தின் சின்னக் காருக்குச் சிவப்பு எல் எழுத்தை ஒட்டி, தொழிற்பேட்டைப் பக்கம் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆளே இராது.

ஓட்டாத பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முதல் சந்தியில் எஞ்சின் இரண்டு தரம் நின்றது. பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது.

நேர்த் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள். "நீங்கள் எனக்கு ஒண்டு சொல்லவேணும் எண்டு அம்மா சொன்னவா. என்னப்பா?"

"முதல்ல ரோட்டைப் பார்," என்றேன்.

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்."

சொன்னேன். தமிழில் தொடங்கினேன். சில சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை, அவற்றை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது கொஞ்சம் லேசாக இருந்தது. அவளுக்குத் தேவையானதை மட்டும் சொன்னேன், ஆனால் பொய் ஒன்றும் கலக்கவில்லை. அவளுடைய கைகள் நான் காட்டிக்கொடுத்த இடத்திலேயே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் வடிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"நிப்பாட்டட்டோ அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. நல்லாத்தான் ஓடுறாய்."

வட்டச் சந்தி வந்தது. வலதுபக்கம் பார்த்தாள், சமிக்ஞை போட்டாள், ஒரு லொறிக்கு வழி விட்டாள், சுற்றி வெளியே எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் தெரு கண்ணுக்குத் தெரிந்தது. நான் சொல்லவேண்டியது முடிந்துவிட்டது.

"இன்னுமொரு ரவுண்ட் போவமா?" என்று கேட்டாள்.

"போவம்," என்றேன்.